நூல் கணக்கில் ஒன்பது இல்லை

முனீஸ் அண்ணன் கழுத்தில் எப்போதும் ஓர் இஞ்ச் டேப் தொங்கும். கம்பெனிக்குப் போகும்போது, திரும்பும்போது, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போது, கோயிலில் திருநீறு வாங்கும்போது. அவர் மனைவி ஜோதிகா அக்கா கழுத்தில் தாலி, அண்ணன் கழுத்தில் டேப், இவருக்குக் கட்டிவிட்டது யார் என்றுதான் தெரியவில்லை என்று நான் சொல்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டேப்பை எடுத்து என் வாயை அளப்பார்.

"ரெண்டு இஞ்ச் அஞ்சு நூலு. அளவுக்கு மீறி இருக்கு பிள்ள. ரிஜெக்ட்" என்பார்.

அவர் சங்கரன்கோயில் பக்கத்து ஆள். எட்டாம் வகுப்பில் தோற்ற கையோடு திருப்பூருக்குப் பஸ் ஏறியவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம் என்பதால், படிப்பில் நான் அவருக்கு ஒரு வகுப்பு சீனியர். திருமுருகன்பூண்டியில், சிலை செதுக்குகிற பட்டறைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் அவர்கள் மூன்றாவது வீடு, நாங்கள் நான்காவது வீடு. உளிச் சத்தத்தில்தான் இரண்டு வீட்டுக்கும் விடியும். கம்பெனியும் ஒன்றுதான். அவர் துணி வெட்டுகிற கட்டிங்கில், நான் தைத்த துணியில் குறை பார்க்கிற பெண்களோடு மாடியில், செக்கிங்கில்.

கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்கட்டியால் கோடு போடுவது அவர் வேலை. அவர் போட்ட கோட்டில்தான் மிஷின் ஓடும். அங்கே ஒரு கணக்கு உண்டு. ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் நூல். பன்னிரண்டு இஞ்ச் மூன்று நூல் என்றால் டேபிளில் 12.3 என்று எழுதுவார்கள். புள்ளிக்குப் பின்னால் ஏழு வரைக்கும்தான் போகலாம். ஏழு நூலோடு இன்னொரு நூல் சேர்ந்தால் அது அடுத்த இஞ்ச். 26.6 நீளத்துக்கு, அடியில் மடித்துத் தைக்க 1.4 கூட்டினால் பள்ளிக்கூடத்தில் 28 வரும். எங்கள் கட்டிங் டேபிளில் 28.2 வரும். இரண்டும் அவரவர் இடத்தில் சரி.

நான் ஒரு தடவை ஏற்றுமதிக்கு வைத்திருந்த ஸ்டிக்கரில் ஒன்றை அவர் முதுகில் ஒட்டிவிட்டேன். 'டபுள் எக்ஸ்எல், நூறு சதம் பருத்தி' என்று அதில் இருந்தது. அவிநாசி ரோடு முழுக்க அதோடு நடந்து வந்தார். வீட்டில் ஜோதிகா அக்கா பார்த்துவிட்டு, "இத எப்படித் தொவைக்கணும்னு போடலையே" என்றது. அந்த வீடு அப்படிப்பட்ட வீடு. சிரிப்பதற்குக் கதவைத் தட்டவே வேண்டியதில்லை.

ஜோதிகா அக்காவுக்குக் குழந்தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. கூடை பின்னுகிறவர்கள் பாதியில் நிறுத்தி வைத்த மாதிரி அவ்வளவு சின்னது. பிறந்தபோது ஒரு கிலோவும் கொஞ்சமும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அக்கா அங்கேயே தாய்மார் அறையில் தங்கிக்கொண்டது.

"ரெண்டு கிலோ வரட்டும்ப்பா. தானாப் பால் குடிச்சு ரெண்டு கிலோ வந்துட்டா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்று டாக்டரம்மா சொன்னார்.

அதற்குப் பிறகு முனீஸ் அண்ணனுக்கு உலகத்தில் வேறு எண்ணே கிடையாது. இரண்டு கிலோ. அவ்வளவுதான்.

காலையில் சிஸ்டர் குழந்தையை எடை போட்டதும் அக்கா போன் செய்து சொல்லும். "ஒன்னு புள்ளி மூணு." சில நாள் கழித்து, "ஒன்னு புள்ளி நாலு." அண்ணன் அதைக் கட்டிங் டேபிளில் சத்தமாகச் சொல்வார். கட்டிங் மாஸ்டர் நஞ்சப்பன், "பாதி வழி வந்துட்டாளே உன்ற புள்ள! இன்னும் நாலு நூலுதானுங்க சாமி" என்பார். துணியை விரித்து லே போடுகிற பீகார் பையன்கள் கை தட்டுவார்கள். அத்தனை பேருக்கும் கணக்கு ஒன்றுபோலவே வந்தது. ஒருவருக்காவது வேறு மாதிரி வந்திருந்தால் சந்தேகம் தட்டியிருக்கும். 1.4 என்றால் ஒன்றரை. 1.6 என்றால் ஒன்றே முக்கால். காய்கறிக் கடையில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்குகிறவர்களுக்கு அங்கே புள்ளி குறுக்கே வருவதில்லை. புள்ளி என்று ஒன்றை அவர்கள் பார்த்ததெல்லாம் இஞ்சுக்குப் பின்னால்தான்.

மேலே செக்கிங்கில் இருந்த என் காதுக்கு, "இன்னும் ரெண்டு நூலு, இன்னும் ஒரு நூலு" என்பதுதான் வந்தது. எல்லாவற்றையும் நூலாகச் சொல்கிற மனுஷன், பாசத்தையும் நூலாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறது.

1.7 என்று போன் வந்த அன்று அண்ணன் ஊரிலிருந்த தன் அக்கா சீனியம்மாளுக்குப் போன் போட்டார். "கெளம்பி வா. பிள்ள வீட்டுக்கு வரப்போவுது." துணி ஏற்றுகிற வேனைக் கம்பெனியில் கேட்டு வைத்தார். தரையைக் கழுவினார். காய்ந்ததும் மறுபடி கழுவினார். நான் போய், "இன்னொரு தடவ கழுவுனீங்கன்னா தரை சுருங்கிருமுங்ண்ணா" என்றேன். எங்கள் துணி அப்படிச் சுருங்கும். அவர் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் கழுவினார்.

சீனியம்மாள் அத்தை ஒயர் கூடையில் ஒரு நாட்டுக்கோழியோடு வந்து இறங்கினார். பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க. அவர் வந்த பிறகுதான் அந்த போன் வந்தது.

"ஒன்னு புள்ளி எட்டு" என்றது அக்கா. அடுத்த வார்த்தை சொல்வதற்குள் அண்ணன் போனை வைத்துவிட்டார்.

"வந்துட்டு! ரெண்டு வந்துட்டு! அந்த சிஸ்டருக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியல பிள்ள. ரெண்டுன்னு சொல்லாம, ஒன்னு எட்டுன்னு சுத்திச் சொல்லுது."

எனக்கு அப்போதுதான் அவர் கணக்கு பிடிபட்டது. வேனில் ஏறும்போது சொல்லப் பார்த்தேன். "அண்ணா, ஒரு நிமிசம், அந்த ஒண்ணு எட்டு..." வண்டிச் சத்தம், கோழிச் சத்தம், அத்தையின் குலவைச் சத்தம். அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

குழந்தைகள் வார்டு வாசலில் கோமளா சிஸ்டர் மறித்தார். "ஏனுங்க, இத்தன பேரு எங்க வர்றீங்க? அதென்னங்க கூடைக்குள்ள?"

"கோழி" என்றார் அத்தை.

"கோழியா!"

"சிஸ்டர், பிள்ளைய வாங்கிட்டுப் போவ வந்துருக்கோம்" என்றார் அண்ணன்.

"யாருங்க வரச் சொன்னது? இன்னும் ரெண்டு கிலோ வரலீங்களே."

"ஒன்னு புள்ளி எட்டுன்னு நீங்கதான சொன்னீய."

"ஆமாங்க, ஒண்ணு புள்ளி எட்டு. ரெண்டு வரட்டும்."

"அதான் வந்துட்டே."

"எதுங்க?"

"ரெண்டு. ஒன்னு எட்டுன்னா ரெண்டுதான சிஸ்டர்?"

சிஸ்டர் அவர் முகத்துக்கு அருகே வந்து மோந்து பார்த்தார். காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாரோ என்று சந்தேகம். அண்ணன் கழுத்திலிருந்து டேப்பை உருவி அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினார்.

"இந்தா பாருங்க. ஒன்னு. அப்புறம் ஒரு நூலு, ரெண்டு, மூணு... ஏழு. எட்டாவது எங்க நிக்கி? ரெண்டுலதான நிக்கி?"

"இது துணி அளக்கறதுங்க. உங்க கொழந்தைய நான் தராசுல போட்டேன். கெளம்புங்க. மொதல்ல அந்தக் கோழிய வெளிய கொண்டு போங்க."

உள்ளேயிருந்து ஜோதிகா அக்கா எட்டிப் பார்த்தது. கூட்டத்தையும் கோழியையும் அண்ணன் கையில் விரிந்து நின்ற டேப்பையும் பார்த்தது. அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் நின்றது.

வெளியே வேப்ப மரத்தடி பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்தார். நான் டேப்பை வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். இஞ்ச் டேப்பின் மறுபக்கம் சென்டிமீட்டர். பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். இத்தனை வருஷம் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவர் அந்தப் பக்கத்தை ஏறிட்டும் பார்த்ததில்லை.

"அவிங்க கிலோவ இந்த மாதிரி பத்தாப் பிரிப்பாங்கண்ணா."

"எதுக்குப் பத்து? எட்டாப் பிரிச்சா என்ன கொள்ள?"

"கையில வெரலு பத்து இருக்குதுல்லங்ண்ணா."

அவர் தன் கையைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான் காரணம் என்பது போல.

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்துக்குள் ஓர் உலகம் உண்டு. அங்கே யாராவது இரண்டே கால் லிட்டர் பால் வாங்கி, முக்கால் லிட்டரைச் சிந்திவிடுவார்கள். 4.5 மீட்டர் ரிப்பனில் ஒன்றரை மீட்டரை வெட்டித் தோழிக்குக் கொடுப்பார்கள். மீதி எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். பாலைச் சிந்தினவள் அழுதாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் புத்தகத்துக் குரலிலேயே நான் அண்ணனுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். அவரைச் சிரிக்க வைக்கத்தான்.

"ஒரு பாப்பாவின் எடை 1.8 கிலோகிராம். 2 கிலோகிராம் வந்தால் பாப்பா வீட்டுக்குப் போகலாம். எனில், பாப்பா இன்னும் எவ்வளவு கூட வேண்டும்?"

அவர் சிரிக்கவில்லை. டேப்பின் பின்பக்கத்தில் நகத்தை வைத்து எண்ணினார். "எட்டு... ஒம்போது... பத்து. புள்ளி ரெண்டு."

"கரெக்ட்டுங்ண்ணா."

"நூலாச் சொல்லு."

கிலோவை எட்டாகப் பிரித்தால் ஒரு நூலுக்கு நூற்றிருபத்தைந்து கிராம். புள்ளி இரண்டு என்பது இருநூறு கிராம். "ஒன்றரை நூலுங்ண்ணா. அதுக்கு மேல கொஞ்சம் பொடி."

"ஒன்றரை நூலுதானா!" அவர் முகம் தெளிந்தது. ஆனால் விடவில்லை. பழைய எடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்று மூன்று சொன்ன அன்று உண்மையில் எவ்வளவு? ஒன்று நான்கு சொன்ன அன்று? "அன்னைக்கு ஒன்னு ஆறுன்னாளே, நான் ஒன்னே முக்கால்னுலா நெனச்சேன்?"

"1.75-ல 1.6 போனா புள்ளி ஒண்ணு அஞ்சுங்ண்ணா. நூத்தம்பது கிராம் கம்மி."

நூற்றைம்பது கிராம் என்பது எங்களுக்கு ஒரு மீடியம் சைஸ் டீ சர்ட். அவர் கையை மல்லாத்தி, அதில் ஒரு டீ சர்ட் இருப்பது போல வைத்துப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் நான் நெனச்சதவிட எம் பிள்ள சின்னதாத்தான் இருந்துருக்கா" என்றார்.

அத்தை கூடையை மறுபக்கம் திருப்பி வைத்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் கோமளா சிஸ்டர் வெளியே வந்து அவரை மட்டும் கூப்பிட்டார். கை கால் கழுவ வைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை அவர் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி உட்கார வைத்தார்களாம். எடை குறைந்த குழந்தைகளுக்கு அப்படிச் செய்வார்கள். உடம்புச் சூட்டில் தேறும். திரும்பி வந்தவர் நெஞ்சில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மூக்குல இருந்து காத்து வருது பிள்ள. இங்கன பட்டுச்சு."

அந்தக் கோழி லைன் வீட்டுக்குத் திரும்பி வந்து, எங்கள் வாசலில் அதிகாரம் செய்தது. அத்தை ஊருக்குத் திரும்பவில்லை. ஒன்றரை நூலுக்காகப் போய்விட்டு வர வேண்டுமா என்று தங்கிவிட்டார். கட்டிங் டேபிளுக்கும் விஷயம் தெரிந்தது. நஞ்சப்பன் மாஸ்டர், "அடக் கருமமே, நானுமில்ல கூட்டிச் சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

1.9 வந்த அன்று அண்ணன் செக்கிங்குக்கே படியேறி வந்துவிட்டார்.

"ஒன்னு ஒம்போது பிள்ள! நூல் கணக்குல இப்படி ஒன்னு கெடையவே கெடையாது. ஏழோட தீந்துபோவும். எங்க டேபிள்ல ஒருத்தனுக்கும் தெரியாத எடத்துல நிக்கா எம் மவ."

"எறங்கி வர வழி தெரியுமாங்ண்ணா அவளுக்கு?" என்றேன்.

"எறங்க மாட்டா. ஏறிதான் வருவா."

இரண்டு வரவில்லை.

குழந்தை பால் குடிக்கவில்லை என்று அக்கா போனில் சொன்னது. பிறகு, நிறம் மாறுகிறது என்றது. அண்ணன் சாக்கட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினார். நானும் அத்தையும் போய்ச் சேரும்போது கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி டாக்டர்கள் நின்றிருந்தார்கள். பிஞ்சு நுரையீரல், ஏதோ தொற்று. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கோமளா சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். குறை சொல்ல ஒருவராவது கிடைப்பாரா என்று நான் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே அடக்கம். ஊருக்குக் கொண்டு போகலாம் என்றார் அத்தை. இவ்வளவு சின்ன உடம்பை அவ்வளவு தூரம் குலுக்க வேண்டாம் என்றார் அண்ணன். இங்கேயே மயானத்தில் ஓர் ஓரத்தில் இடம் காட்டினார்கள். குழி தோண்ட வந்த பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"நீளம் எவ்வளவுங்க?"

அண்ணன் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. என் வாயை அளந்தவர். வீட்டு ஜன்னலை, தெரு நாயின் வாலை, ஜோதிகா அக்காவின் சடையை அளந்தவர். அவர் கை டேப் பக்கம் போகவில்லை. குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இவ்வளவு என்று காட்டினார். கைகளுக்கு நடுவில் ரொம்பக் கொஞ்சம் இடம்தான் இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் துணி ரோல் மேல் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ரெண்டுல ஒன்னு ஒம்போது போனா?"

"புள்ளி ஒண்ணுங்ண்ணா."

"நூலா எவ்வளவு?"

"ஒரு நூலு கூட இல்லீங்ண்ணா. அதுக்கும் கம்மி."

"ஒரு நூலு கூடக் கொறைய இருந்தா, அந்த வித்தியாசம் டாலரன்ஸுன்னு துணி வாங்குத பையரே பாஸ் பண்ணிருவான்" என்றார். யாரிடமோ நியாயம் கேட்பது போலச் சொன்னார்.

ஜோதிகா அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். குழந்தை இல்லை என்பது அதன் உடம்புக்குத் தெரியவில்லை. பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்தது. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று அத்தை என்னை அனுப்பினார். நான் ஓடினேன். பூக்கார அம்மாவுக்கு என்னை நன்றாகத் தெரியும். ஒரு தடவை அவர் தராசில் பூவுக்குப் பதில் என் கையை வைத்து எடை போடச் சொன்னவள் நான்.

"உதிரிப் பூவா? என்ன விசேசம் கண்ணு ஊட்டுல?" என்று கேட்டார்.

நான் காசை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தராசைத் தொடாமல் இரண்டு கையாலும் பூவை அள்ளி இலையில் வைத்துக் கட்டினார்.

முனீஸ் அண்ணன் மறுபடி வேலைக்கு வந்தார். கோடு போட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார், டீ குடித்தார். ஒருநாள் தையல் பிசகிய பீஸ் ஒன்றைக் காட்டுவதற்காக நான் கட்டிங்குக்கு இறங்கியிருந்தேன். நஞ்சப்பன் மாஸ்டர் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீளம் இருவத்தேழு அஞ்சு. கழுவுனா சுருங்கும், மூணு நூலு சேத்துக்க."

டேபிளில் இருந்த யாரைக் கேட்டாலும் இருபத்தெட்டு என்பார்கள். அண்ணன் சாக்கட்டியை எடுத்துத் துணியின் ஓரத்தில் 27.8 என்று எழுதினார்.

பீகார் பையன் ஒருவன் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தான். மாஸ்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, கட்டை விரலை எச்சிலில் நனைத்து அந்த எண்ணை அழிக்கக் கையை நீட்டினார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்ணே" என்றார் முனீஸ் அண்ணன்.

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். வெட்டுகிற மிஷினை யாரும் போடவில்லை. துணி நீளத்துக்கு விரிந்து கிடந்தது. மேலே ஃபேன் மட்டும் சுற்றியது. அண்ணன் அந்த எட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளங்கையால் அவரே துடைத்தார். 28 என்று எழுதினார்.

"போடு" என்றார். மிஷின் ஓடத் தொடங்கியது.